பின்சீட்டு வைத்த சைக்கிள்

அன்று சைக்கிள் கடையில் இருந்தவர்கள்: என் அக்கா லில்லி, அப்பா மரியதாஸ், கடைக்காரர் மணிவண்ணன், நான். அக்கா மகள் ஜோசி இல்லை. சைக்கிள் அவளுக்காகத்தான். அவள் கிருமாம்பாக்கத்தில், அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள்.

"கொழந்த இன்னா வெயிட்டு இருக்கும்?" என்று மணிவண்ணன் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அங்கன்வாடியில பதினாலுன்னு எழுதினாங்க" என்றாள்.

"எப்போ?"

"போன வருஷம்."

"போன வருஷத்துப் பதினாலு இப்ப ஆவாதும்மா. பதினேழுன்னு வெச்சிக்குவோம்."

"சரிங்கண்ணா" என்றாள் அக்கா. தன் பிள்ளை எவ்வளவு கனம் என்பதை ஒரு சைக்கிள் கடைக்காரர் சொல்லி அவள் ஒப்புக்கொண்டாள்.

எங்கள் ஊர் உறுவையாறு. அக்காவைக் கிருமாம்பாக்கத்தில் பாக்யராஜ் என்பவருக்குக் கொடுத்திருந்தோம். முன்பு அவரை மாமா என்று கூப்பிடுவேன். இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை. அவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், பேசவும் மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா ஆரோக்கியம் பேசுவாள். அக்கா வில்லியனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது, மாமியார் கூடாது என்றாள். அக்கா கேட்கவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் வேலை முடிந்து திரும்பிப் போனபோது அவள் துணிமணி ஒரு பையில் கட்டி வாசலில் இருந்தது. குழந்தை உள்ளே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

கேஸ் போடலாம் என்று நான் சொன்னேன். "கோயில்ல பேசித் தீக்கறத கோர்ட்டுக்கு எடுத்துகினு போறதா?" என்று அப்பா மறுத்துவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் கோவில் மண்டபத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தாய்கிட்ட புள்ளய குடுக்க மாட்டோம்னு நான் சொல்லல" என்றாள் ஆரோக்கியம். "எந்த இஸ்கூல்ல சேப்பாளாம்? வில்லியனூர்லயா? உறுவையாத்துலேர்ந்து எதுல இட்டுகினு போவா? பஸ்ஸு எப்ப வரும் எப்ப வராதுன்னு அந்த டிரைவருக்கே தெரியாது. ஒரு வண்டி உண்டா? ஒரு சைக்கிளாவது உண்டா?"

வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டி. அது கிருமாம்பாக்கத்தில் ஆரோக்கியம் வீட்டுச் சந்தில் நின்றது. பாக்யராஜ் அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். அதை யாரும் பேசவில்லை.

உபதேசியார் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "சரி, லில்லி ஒரு சைக்கிள் வாங்கட்டும். புள்ளய பத்திரமா ஒக்கார வெச்சி கூட்டிகினு போற மாதிரி. இஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி அத காட்டிட்டு கூட்டிகினு போவட்டும். சம்மதமா?"

ஆரோக்கியம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பாக்யராஜ் "ம்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அக்கா அதை அப்படியே நம்பினாள். நாங்களும் நம்பினோம். கேட்டது சைக்கிள், சைக்கிளைக் காட்டினால் பிள்ளை வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் நான் நைட் ஷிப்ட் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். நான் வேலையை விட்டாலும் உடம்பு ஷிப்ட்டை விடவில்லை. ராத்திரி தூக்கம் வராது. போனில் சைக்கிள் வீடியோக்களாகப் பார்த்தேன். எந்தக் கேரியர் எத்தனை கிலோ தாங்கும், எந்த மட்கார்டு மழையில் சேறு அடிக்காது, எந்த பிரேக் ஈரத்தில் பிடிக்கும் என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அக்கா காலையில் எழுந்து வந்ததும் சொல்வேன். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே கேட்பாள். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஜோசி எங்க ஒக்காருவா?"

கடையில் மூன்று சைக்கிள் எங்கள் பணத்துக்குத் தோதாக இருந்தன. முதலாவது கியர் வைத்தது, சாம்பல் நிறம். ஒரு கையால் தூக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, லைட்டு எதுவும் அதில் இல்லை. எல்லாவற்றையும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மாட்டினாலும் கேரியர் பத்துக் கிலோவுக்கு மேல் தாங்காது என்று மணிவண்ணனே சொன்னார்.

"இது காலேஜ் பசங்க முதுவுல பைய மாட்டிகினு போறது. பின்னாடி ஆள் ஒக்காந்தா இதுக்குக் கோவம் வந்துடும்."

இரண்டாவது கறுப்பு, பெரிய சைக்கிள். பால்காரர்கள் ஓட்டுவது. கேரியர் இரும்பு, ஒரு மூட்டை நெல்லை ஏற்றலாம். குறுக்குக் கம்பி உண்டு. அக்கா புடவையில் போகிறவள். ஏறிப் பார்த்தாள். ஒரு கால் தரையில் எட்டவில்லை. இறங்கிவிட்டாள்.

மூன்றாவது நீலம். குறுக்குக் கம்பி கிடையாது. முன்னால் கூடை, இரண்டு மட்கார்டு, செயின் முழுக்க மூடிய கவர், டைனமோ லைட்டு, பின்னால் சிவப்பு லைட்டு, பெல், பின் சக்கரத்தில் பூட்டு, இரட்டைக் கால் ஸ்டாண்டு. கேரியர் இருபத்தைந்து கிலோ தாங்கும். அதன்மேல் முதுகு சாயவும் பெல்ட் போடவும் வசதியாகக் குழந்தை சீட்டு ஒன்றை மாட்டலாம். கனம்தான். மேட்டில் மிதிக்கும்போது மூச்சு வாங்கும்.

எனக்குக் கனம் பிடிக்கவில்லை. உறுவையாற்றிலிருந்து ஆற்றுப் பாலம் ஏறி வில்லியனூர் போக வேண்டும். தினமும் பிள்ளையோடு, எதிர்க்காற்றில். இன்னும் இரண்டு கடை பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மறுபடி மணிவண்ணன் கடைக்கே வந்தோம்.

"வாப்பா அன்பு" என்றார் அவர். "மூணாவது தடவ. பொண்ணு பாக்கறவன்கூட ரெண்டு தடவையில காபி குடிச்சிட்டு முடிவு சொல்லிடுவான்."

"பாத்து வாங்கறது தப்பாண்ணா?"

"தப்பில்ல. நீலத்தையே நான் வித்துட்டா அப்புறம் தெரியும்."

அப்பா அப்போது ஒரு காரியம் செய்தார். எதிர்க் கடைக்குப் போய் சின்ன அரிசி மூட்டை ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பதினெட்டு இருக்கும் என்று சொல்லிக் குழந்தை சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு இழுத்து மாட்டினார். "ஓட்டு" என்றார்.

அக்கா நீல சைக்கிளில் ஏறி மெயின் ரோட்டின் ஓரமாக ஓட்டிப் போனாள். திருப்பத்தில் ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே நின்றவர்கள் விடுவார்களா?

"இன்னாக்கா, பொன்னி அரிசிய எந்த இஸ்கூல்ல சேக்கற?"

"பெல்ட்டெல்லாம் போட்டு நல்லா வளக்கறபா அரிசிய!"

அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. திரும்பி வந்து இறங்கியபோது ஒரு கையைப் பின்னால் கொடுத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை ஸ்டாண்டு போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"இதுதான்" என்றாள். அப்புறம் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தாள். "கம்பி தெறந்து கெடக்குதேண்ணா. அவ காலை ஆட்டிகினே இருப்பா. பாட்டு பாடினா ரெண்டு காலும் ஆடும்."

"வலை மாதிரி ஒரு மறைப்பு வரும். ரெண்டு பக்கமும் போட்டா கால் உள்ள போவாது. இங்க ஸ்டாக்கு இல்ல. டவுன்லேர்ந்து வரணும்."

"வரட்டும். அது இல்லாம வேணாம்."

வர ஒரு வாரம் ஆனது. வந்ததும் மணிவண்ணன் மாட்டித் தந்தார். அக்கா தன் விரலைச் சக்கரத்துக்குள் விட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்தும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் பணத்தைக் கொடுத்தாள்.

சைக்கிள் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. மறுநாளே கிருமாம்பாக்கம் போய்விடலாம் என்றேன். அப்பா தடுத்தார்.

"மந்திரிக்காத வண்டியில கொழந்தைய ஏத்துவியா? செவ்வாக்கெழம அந்தோணியார் பூசையில சாமியார்கிட்ட தீர்த்தம் போட்டுட்டு போலாம்."

எங்கள் பக்கத்தில் எந்தப் புது வண்டியும் கோவிலில் மந்திரிக்காமல் ஊரைத் தாண்டாது. டிராக்டரோ டிவிஎஸ்ஸோ சைக்கிளோ, எல்லாம் ஒன்றுதான். மற்றவர்களுக்கு அது வழக்கம். அப்பாவுக்கு வேறு. எங்கள் அம்மா ஜோஸ்பின் ஒரு புது பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய்த்தான் விழுந்து செத்தாள். அது மந்திரிக்காத பைக். பேத்திக்கு அவள் பெயரைத்தான் வைத்திருந்தோம். அப்பாவிடம் இதைப் பற்றி வாதாட முடியாது. அக்காவும் வாதாடவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று அவளுக்கும் பயம்.

அந்தச் செவ்வாய் எங்கள் பங்குச் சாமியார் இல்லை. தியானத்துக்குப் போயிருந்தார். அடுத்த செவ்வாய்தான் வருவார் என்றார்கள். நடுவில் திங்கட்கிழமை ஸ்கூல் திறப்பு.

"வேற ஊர் கோயிலுக்குப் போலாம்பா" என்றேன்.

"நம்ம ஊர் சாமியார் மந்திரிக்கணும். ரெண்டு நாள் லேட்டா சேந்தா இன்னாடா? யூகேஜிதான? உபதேசியார்கிட்ட சொல்லிட்டேன், சைக்கிள் வந்துடுச்சின்னு. அவரு அங்க சொல்லிடுவாரு."

அக்கா கிருமாம்பாக்கத்துக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. எப்போதும் எடுப்பதில்லை. அந்த நாட்களில் அவள் வேலைக்கு நீல சைக்கிளைத் தொடவில்லை. அப்பாவின் பழைய சைக்கிளைத்தான் எடுத்துப் போனாள். நீலத்தை வீட்டுக்குள் நடுக்கூடத்தில் நிறுத்திவைத்திருந்தோம். சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவள் பிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து வெளியே ஒரு கார், இரண்டு புல்லட், கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று, கடைசியில் எங்கள் சைக்கிள். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் சிரித்தார்.

"பின்சீட்டெல்லாம் இருக்குது. யாருக்கு?"

"பேத்திக்கு சாமி" என்றார் அப்பா.

"எங்க பேத்தி?"

"நாளைக்கி வந்துடுவா சாமி."

சாமியார் சீட்டுக்கு மட்டும் இரண்டாவது தடவை தெளித்தார். அக்கா தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். அங்கேயே பிளாஸ்டிக் உறையைப் பிரித்துச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். அப்பா வரவில்லை. சம்பந்தி வாசலில் இனிமேல் கால் வைக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தார். அதோடு கோழி வாங்கிக் குழம்பு வைக்க வேண்டும் என்றார். ஜோசிக்கு ஈரல் பிடிக்கும். அக்கா நீல சைக்கிளிலும் நான் அப்பாவின் சைக்கிளிலும் கிளம்பினோம். மங்கலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர். பாகூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு, காற்றே இல்லை. அக்காவுக்கு வேர்த்து ஊற்றியது. எந்த மேட்டிலும் அவள் இறங்கித் தள்ளவில்லை.

"கனமா இருக்குதாக்கா?"

"புள்ள ஒக்காந்தா சரியா இருக்கும். பின்னாடி லேசா இருக்கறதாலதான் ஆடுது" என்றாள்.

நாங்கள் தெருவுக்குள் திரும்பியபோது எங்களுக்கு முன்னால் ஒரு மஞ்சள் வேன் போனது. ஆரோக்கியம் வீட்டு வாசலில் நின்றது. அதிலிருந்து ஜோசி இறங்கினாள். கட்டம் போட்ட புதுச் சீருடை, டை, கறுப்பு ஷூ, கழுத்தில் அட்டை. வளர்ந்திருந்தாள். வேன் போனதும் எங்களைப் பார்த்தாள்.

"அம்மா!"

அக்கா ஸ்டாண்டுகூடப் போடாமல் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். விழப்போன சைக்கிளை நான்தான் பிடித்தேன்.

ஆரோக்கியம் கிரில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கத்தவில்லை. பிள்ளையைப் பிடுங்கவும் இல்லை. நேராகச் சைக்கிளிடம் வந்தாள்.

"இதுதானா?"

"இதுதான் அத்த" என்றாள் அக்கா, ஜோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஆரோக்கியம் பெல்லை அடித்துப் பார்த்தாள். கேரியரைப் பிடித்து ஆட்டினாள். என்னைப் பின்சக்கரத்தைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பெடலைச் சுற்றி லைட்டு எரிகிறதா என்று பார்த்தாள். பெல்ட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். குனிந்து வலை மறைப்புக்குள் விரலை விட்டாள். அக்கா கடையில் செய்த அதே காரியம். விரல் போகவில்லை.

"நல்ல சைக்கிளுதான்" என்றாள். "குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல."

அக்காவின் முகம் மலர்ந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஆனா இஸ்கூல் தொறந்துடுச்சேம்மா. தொறக்கறதுக்கு முன்னாடின்னுதான கோயில்ல பேச்சு? சனிக்கெழம வரைக்கும் பாத்தோம். உபதேசியார் இன்னா சொன்னாரு தெரியுமா? சைக்கிள் வந்துடுச்சி, மந்திரிக்கறதுக்கு வெச்சிருக்காங்கன்னாரு. வெச்சிகினே இருந்தா? புள்ள வூட்ல ஒக்காந்துகினு இருக்குமா? இங்கயே சேத்தாச்சி. வேனு வாசலுக்கு வருது."

"ரெண்டு நாள்தான் அத்த. சாமியார் ஊர்ல இல்ல."

"வேன்காரன் இருந்தானே."

"டிசி வாங்கி அங்க சேத்துக்கலாம்" என்று நான் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "வா அன்பு. வேலைய உட்டுட்டியாமே? ஆம்பள வூட்ல படுத்திருக்கான், பொம்பள சைக்கிள் மிதிக்கறா. அந்த வூட்டுக்கு எங்க வூட்டுப் புள்ள வரணுமா?"

ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருப்பாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்திருக்க மாட்டாள் என்று நான் நினைக்கிறேன். அக்கா அப்படி நினைக்கவில்லை.

பாக்யராஜ் வாசலுக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் சைக்கிளைப் பார்த்தார்.

ஜோசிதான் பேசினாள். "ஆயா, நான் இதுல ஒக்காரட்டா?"

"ஒரு ரவுண்டு போயிட்டு வா. வந்து டிரெஸ்ஸ மாத்து" என்றாள் ஆரோக்கியம்.

அக்கா அவளைத் தூக்கிச் சீட்டில் வைத்தாள். கால் வைக்கும் இடம் சரியாக இருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. மணிவண்ணன் சொன்ன பதினேழு சரியாகத்தான் இருந்திருக்கும். அக்கா மிதித்ததும் சைக்கிள் ஆடாமல் நேராகப் போனது. ஜோசி ஏதோ பாடினாள். புது ஸ்கூல் பாட்டு, எனக்குப் புரியவில்லை. இரண்டு கறுப்பு ஷூவும் வலைமேல் பட்டுப் பட்டு ஆடின.

அந்தத் தெரு போய் முடிவது கடலூர் ரோட்டில். அக்கா அங்கே வரைக்கும் போய்விட்டாள். ஒரு காலை ஊன்றி நின்றாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ரோட்டைத் தாண்டினால் பாகூர் வழி. நான் என் சைக்கிளில் கைவைத்தேன். பாக்யராஜ் செருப்பில்லாமல் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். ஆரோக்கியம் மட்டும் நகரவில்லை. "வந்துடுவா" என்றாள் மகனிடம். அக்காவை அந்த வீட்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அக்கா ஹேண்டில்பாரைத் திருப்பினாள். ஏன் போகவில்லை என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். "கோயில்ல வெச்சி கேட்டு வாங்கற புள்ளய திருடிகினா வர்றது?" என்றாள்.

வாசலில் பெல்ட்டைக் கழற்ற அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. புது பெல்ட், அதனால் இறுக்கம் என்றாள். ஆரோக்கியம் வந்து ஒரே அழுத்தில் கழற்றிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம இங்க பூசைக்கு வா. புள்ளய பாரு. வேணாம்னு சொல்லல" என்றாள்.

"தாத்தா கோழிக் கொழம்பு வெச்சிருக்காருடி" என்று அக்கா ஜோசியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஈரலு?"

"ஈரலும்."

ஜோசி பாட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பாக்யராஜ் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஹோம்வொர்க் இருக்குது" என்றார்.

ஜோசி ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு படியேறினாள். கடைசிப் படியில் திரும்பி, "அம்மா, அந்த சீட்டுல வேற யாரையும் ஒக்கார வெக்காத" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள்.

மூவரும் உள்ளே போனார்கள். ஆரோக்கியம் கிரில்லை இழுத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பூட்டைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த மரக்கதவையும் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.